வெறுந்தீவில் ரிட்டன் கரண்ட்

புகார் கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: போனில் வருகிற ஆள் யாராக இருந்தாலும், கெட்டுப்போன சாமான் எதுவாக இருந்தாலும், முதல் வாக்கியம் "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு" என்றுதான் ஆரம்பிக்கும்.

இந்த வாக்கியத்தை நான் ரெண்டு தொழிலில் கேட்டவள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற கடையில் பதினோரு வருஷம் போன் எடுத்தேன். முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். நான் உழவர்கரையில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். நாற்பத்திரண்டு வயதில் விளையாட்டு கம்பெனியா என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சகாக்களே, உங்களுக்காகவே சிலதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிரேக்கர் விழுந்திருக்கா?

எங்கள் விளையாட்டின் பெயர் 'வெறுந்தீவு'. இதில் ஜெயிக்கிறதும் கிடையாது, தோற்கிறதும் கிடையாது. ஒரு காலித் தீவு. மரம், கல், செம்புக் கம்பி எல்லாம் அங்கேயே கிடைக்கும். உங்கள் இஷ்டத்துக்கு வீடு கட்டலாம், காற்றாடி வைத்துக் கரண்ட் எடுக்கலாம், ஜனங்களைக் குடியேற்றலாம். ஆடுகிறவர்கள் எழுதுகிற கடிதங்களைப் படித்து, புகார், யோசனை, திட்டு என்று மூன்று கட்டாகப் பிரிப்பதுதான் எனக்குக் கிடைக்க இருந்த வேலை.

விளையாட்டை வடிவமைக்கிற கார்த்திதான் என்னை இன்டர்வியூ செய்தான். இருபத்தேழு வயசுப் பையன், கண்ணாடி, மூணு நாள் தாடி. "ஒருத்தர் காத்தாடி வெச்சிருக்காரு, வீட்ல லைட் எரியலன்னு எழுதியிருக்காரு. என்ன பதில் சொல்வீங்க?" என்றான். எனக்கு விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பழைய கடை வாய் சும்மா இருக்குமா? "ஒயர் இழுத்திருக்காரா? இழுத்த ஒயர் நடுவுல அறுந்திருக்கா? பிரேக்கர் விழுந்திருக்கா? ஒரே நேரத்துல எத்தினி வீட்டுக்குக் குடுத்திருக்காரு?" என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். கார்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, கேமுக்குள்ள பிரேக்கரே கிடையாது. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

வெடிக்கணும்

வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. கரண்ட் பற்றி வருகிற யோசனைகளில் பாதிக்கு மேல் ஒரே யோசனைதான். ஜெனரேட்டர் வெடிக்க வேண்டும். காற்றாடி தீப்பிடிக்க வேண்டும். இடி விழுந்து அணை உடைய வேண்டும். இவர்கள் கேட்கிறதை எல்லாம் போட்டால் தீவே மிஞ்சாது.

இதில் ஒருத்தர் 'புயல்ராஜா' என்ற பெயரில் வாரம் தவறாமல் எழுதுவார். இந்த வாரம் பேட்டரி வெடிக்கணும் என்பார், அடுத்த வாரம் பல்பு வெடிக்கணும் என்பார். பல்பு வெடித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் நான் பொறுமையாகப் பதில் போடுவேன். அப்படி ஒரு தடவை, கரண்டால் வேறு ஆபத்தே உங்களுக்குத் தோன்றாதா என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது.

"அக்கா, ஒண்ணுமே வெடிக்கலன்னா அப்புறம் கரண்ட் எதுக்கு?"

கிரைண்டர் ஓடிட்டிருக்கு

என் வீட்டுக்காரர் அந்தோணி லைன்மேன். பத்தொன்பது வருஷமாக போஸ்டில் ஏறுகிறார். புயல் வந்தால் ஊரெல்லாம் வீட்டுக்குள் போகும், இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார். நான் விளையாட்டு கம்பெனியில் சேர்ந்த வருஷமும் ஒரு புயல் வந்தது. ரெண்டு நாள் ஆளைக் கண்ணிலேயே பார்க்கவில்லை. மூணாம் நாள் மத்தியானம் சட்டையெல்லாம் சேறாக வந்து நின்றார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர், சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார்.

ஒரு நகரில் ஒயர் அறுந்து கிடந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் லைனை ஆஃப் செய்துவிட்டு, இவர் போஸ்டுக்குக் கீழே நின்றிருக்கிறார். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. ஏறுவதற்கு முன்னால் எர்த் ராடை, அதாவது மண்ணோடு இணைத்த நீளக் கம்பை, லைனில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார். அது தினப்படி வழக்கம். செத்த லைன் என்றால் ஒன்றும் ஆகாது. அன்றைக்குப் பளீரென்று பொறி பறந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் ரெண்டு தடவை இருமி நின்றிருக்கிறது. அந்த ஜெனரேட்டரின் கரண்ட்தான் வீட்டுக்குள்ளிருந்து திரும்பி லைனுக்கு வந்திருக்கிறது. லைன்மேன்கள் அதை ரிட்டன் என்பார்கள். ராடை மாட்டாமல் ஏறியிருந்தால் அவ்வளவுதான். இவர் ராடைப் பிடித்தபடியே நிற்கிறார். அந்த வீட்டம்மா மாடியில் வந்து எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"யாருய்யா எங்க ஜெனரேட்டர ஆஃப் பண்ணது? உள்ள கிரைண்டர் ஓடிட்டிருக்கு!"

அந்த ஒயர்

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வூட்டுல ஓடுற ஜெனரேட்டர் கரண்ட் எப்பிடிங்க போஸ்ட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் சாப்பாட்டு மேஜையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். ரெண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொரு முனை சுவரில் இருக்கிற பிளக் பாயின்டில். மெயினை ஆஃப் செய்யாமல் அப்படிச் சொருகினால் வீடு பூராவும் எரியும். வீட்டோடு நிற்காமல் மீட்டர் வழியாக வெளியேயும் போகும். வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அந்த ஒயர் எனக்குத் தெரியும். எங்கள் கடையில் கட்டுக்கட்டாகத் தொங்கும். வண்டியில் ஜெனரேட்டர் ஏற்றும்போது டெலிவரி சீட்டில் 'ரெ.ப. ஒயர் 1', அதாவது ரெண்டு பக்க ஒயர் ஒன்று, என்று எழுதுவது நான்தான். கேட்கிறவர்களுக்கு மட்டும் இல்லை, கேட்காதவர்களிடமும் "வீடு பூரா எரியணுமா சார்?" என்று நானே கேட்டு எழுதியிருக்கிறேன். நல்ல சர்வீஸ் என்று பேர் வேறு வாங்கியிருக்கிறேன். அது எங்கே போய் முடியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. லைன்மேனைக் கட்டிக்கொண்டவள் நான்! அந்தோணியிடம் சொல்லிவிட்டு அழுதேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"சரி விடு, ரெஜி. தெரியாமத்தானே பண்ண. எல்லார் வூட்டுலயும் தெரியாமத்தான் சொருவுறாங்க."

நானும் ஒரு யோசனைக்காரி

எல்லார் வீட்டிலும் தெரியாமல்தான் செய்கிறார்கள் என்றால் தெரியவைக்க வேண்டியதுதானே? கடை மூடிப்போச்சு, பழைய சீட்டெல்லாம் எங்கே தேடுவது? என் கையில் இருந்தது வெறுந்தீவு ஒன்றுதான். ஆடுகிறவர்களுக்கு நான் அனுப்புகிற அதே படிவத்தை எடுத்தேன். பெயர்: ரெஜினா. யோசனை: "சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடாம ஜெனரேட்டர் ஓட்டினா, கரண்ட் திரும்பி லைனுக்குப் போகணும். புயலுக்கு அப்புறம் ஒயர் கட்ட ஏறுற லைன்மேன் செத்துடணும்." யோசனைக் கட்டில் மேலாக வைத்துக் கார்த்தியின் மேஜைக்கு அனுப்பினேன்.

கார்த்தி நேராக என்னிடமே வந்தான். "அக்கா, நம்ம தீவுல லைன்மேனே இல்லையே. புயல் அடிச்சா ஒயர் தானா சேர்ந்துக்கும்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தானா சேர்ந்துக்குமா? அப்ப எங்க வூட்டுக்காரர் பத்தொன்பது வருஷமா எதுக்குய்யா போஸ்ட்ல ஏறுறாரு? பொழுது போகாமயா?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, விரல் விட்டு எண்ணினான். ஒன்று, இது வெடிக்காது, திரையில் பார்க்க ஒன்றுமே இருக்காது. ரெண்டு, குட்டி ஜெனரேட்டர் மொத்தத் தெருவையும் தாங்காமல் நின்றுவிடும். மூணு, தான் என்ன தப்பு செய்தோம் என்று ஆடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாத தப்புக்குத் தண்டனை கொடுத்தால் விளையாட்டை மூடிவிட்டுப் போய்விடுவார்.

மூணு கேள்வியையும் தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்தோணி பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து பதில் சொன்னார். மறுநாள் கார்த்தி முன்னால் போய் நின்று ஒப்பித்தேன். புயலில் ஒயர் அறுந்து, ரெண்டு மூணு வீட்டோடு ஒரு துண்டு லைன் தனியாக நின்றால் குட்டி ஜெனரேட்டரே போதும், ஆளைக் கொல்லும். பார்க்க ஒன்றும் இருக்காதுதான், ஆனால் கேட்க இருக்கும்: தெருவே இருட்டாகி ஃபேன் சத்தம், டிவி சத்தம் எல்லாம் நின்றிருக்கும்போது, எங்கேயோ ஒரு வீட்டில் மட்டும் ஜெனரேட்டர் டபடபவென்று ஓடும். லைன்மேன் ஏறுவதற்கு முன்னால் அந்தச் சத்தத்துக்குத்தான் காது கொடுப்பார். தீவிலும் அவர் போஸ்டுக்குக் கீழே பத்து எண்ணுகிற நேரம் நின்று சுற்றுமுற்றும் பார்க்கட்டும். ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்த ஆடுகிறவருக்கு அது போதும். சொல்லி முடித்ததும் கார்த்தி அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"அக்கா, இது வெடிக்கல. ஆனா எனக்குப் பயமா இருக்கு. போட்டுடலாம்."

பெல்ட் எங்க?

தீவில் முதல் லைன்மேன் பிறந்த அன்று அந்தோணியை ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். திரையில் அந்தக் குட்டி மனுஷன் விறுவிறுவென்று போஸ்டில் ஏறினான். எல்லோரும் கை தட்டினோம். அந்தோணி தட்டவில்லை. "பெல்ட் எங்க? கிளவுஸ் எங்க? கையில எர்த் ராடு எங்க?" என்று கேட்டுவிட்டு, "தம்பி, இவனக் கரண்ட் வந்து கொல்ல வேணாம், நீங்களே கொன்னுட்டீங்க" என்றார். கார்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வாரமே பெல்ட் வந்தது, கிளவுஸ் வந்தது. மூங்கிலும் செம்பும் சேர்த்து ஆடுகிறவரே எர்த் ராடு செய்து கொடுக்கலாம் என்று வைத்தார்கள். ராடு இருந்தால் பொறி பறக்கும், ஜெனரேட்டர் நின்றுவிடும், லைன்மேன் பிழைத்துக்கொண்டு ஒரு சத்தம் போடுவார்.

அந்தச் சத்தத்தை யார் போடுவது? அந்தோணியேதான்! நிஜத்தில் போஸ்டடியில் என்ன சொல்வார் என்று கேட்டதற்கு, அதை வெளியில் சொல்ல முடியாது, பிள்ளைகள் ஆடுகிற விளையாட்டு என்றார். கடைசியில் "யாரு வூட்டு ஜெனரேட்டர்?" என்று முடிவானது. ஆபீஸ் மாடியில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, மைக் முன்னால் நிறுத்திவைத்துப் பதிவு செய்தோம். ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை பயந்துபோய் என்று பதினஞ்சு தடவை கத்தினார். கீழ் வீட்டில் இருக்கிற கட்டிடச் சொந்தக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சாப்பிட்டுவிட்டுக் கண் அசருகிற நேரம் அவருக்கு. படியில் தடதடவென்று ஏறி வந்து கதவைத் தட்டினார். அவருக்கு யாரானாலும் 'மிசியே'தான், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம்.

"யாரு வூட்டு ஜெனரேட்டரும் இல்ல மிசியே, கரண்டு இருக்கு, ஃபேன் சுத்துது, நீங்க கத்தாதீங்க!"

எழுந்துக்க மாட்டாங்க

புது ஆபத்து வெளியான வாரம் என் பெட்டி நிரம்பி வழிந்தது. எல்லாம் திட்டுக் கட்டு. "என் லைன்மேன் சும்மா ஏறும்போதே செத்துட்டான், கேம்ல கோளாறு." "நான் ஒண்ணுமே பண்ணல." "அவனுக்கு வீடு குடுத்தேன், ரெண்டு கோழி குடுத்தேன், இன்னும் என்னதான் பண்ணணும்?" விளையாட்டுக்கு மதிப்பெண்ணாக ஆடுகிறவர்கள் போடுகிற நட்சத்திரங்கள் மளமளவென்று இறங்கின. கார்த்தி என் மேஜைக்கு வந்து மெதுவாக ஆரம்பித்தான். "அக்கா, செத்தவன் பத்து செகண்டு கழிச்சு எழுந்து போற மாதிரி மாத்திடலாமா? எல்லாரும் கொஞ்சம் அமைதியாவாங்க." நான் அவனைத் திட்டவில்லை. "எழுந்துக்க மாட்டாங்க, கார்த்தி" என்று மட்டும் சொன்னேன். அவன் ஒரு வாரம் தருவதாகச் சொன்னான். அதற்குள் திட்டு குறையாவிட்டால் மாற்றிவிடுவார்கள்.

அந்த ஒரு வாரம் நான் போட்ட பதில் எல்லாம் ஒரே கேள்விதான்: "அந்த நேரத்துல உங்க வீட்டு ஜெனரேட்டர் ஓடிட்டிருந்துச்சா?" திட்டினவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். சிலர் பதிலே போடவில்லை. சிலர் "ஐயோ" என்று மட்டும் எழுதினார்கள். சேஞ்ச் ஓவர் செய்ய எவ்வளவு செம்பு வேண்டும் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். கடைசி நாளில் நம்ம புயல்ராஜாவிடமிருந்து கடிதம் வந்தது. அதைக் கார்த்தியிடம் அப்படியே காட்டினேன். படித்துவிட்டு, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"நான் உள்ள உக்காந்து மீன் சுட்டுக்கிட்டு இருந்தேன் அக்கா, அவன் வெளிய செத்துட்டான்."

ஆறு கேக்

போன மழைக்கு வந்த கடிதம் இது. தவளக்குப்பத்தில் பேக்கரி வைத்திருக்கிற ஒருத்தர் எழுதியிருந்தார். வியாபாரம் இல்லாத நேரத்தில் போனில் வெறுந்தீவு ஆடுகிறவராம். புயலடித்து ஒரு ராத்திரி பூராவும் கரண்ட் இல்லை. கடை ஃப்ரிட்ஜில் பிறந்தநாள் கேக் ஆறு, எல்லாம் ஆர்டர். க்ரீம் இளக ஆரம்பித்துவிட்டது. காலையில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். கொண்டுவந்த ஆள் ஜெனரேட்டரை இறக்கிவிட்டு, பையிலிருந்து ரெண்டு பக்கம் பிளக் வைத்த ஒயரை எடுத்திருக்கிறார். இவர் ஓடிப்போய் பிளக் பாயின்டைக் கையால் மறைத்துக்கொண்டாராம். "லைன்மேன் செத்துடுவாருங்க" என்றிருக்கிறார். "எந்த லைன்மேன்?" என்று கேட்டிருக்கிறார் அந்த ஆள். "எனக்கு ஏற்கெனவே ஏழு பேரு செத்துட்டாங்க!" என்று இவர் கத்தியிருக்கிறார். வந்தவர் பயந்துபோய் ஒயரைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். எலக்ட்ரீஷியன் வந்து சேஞ்ச் ஓவர் மாட்டி முடிக்கிறதுக்குள் மத்தியானமாகிவிட்டது.

படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரிக்கு வந்ததும் ஆபீஸ் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன். கார்த்தி ஓடிவந்து என்னவோ ஏதோ என்று பயந்தான். உடனே அந்தோணிக்குப் போன் போட்டு, அன்றைக்குத் தவளக்குப்பத்தில் ஏறினது நீங்களா என்று கேட்டேன். "நான் இல்ல, அது வேற ஆளு" என்றார். வேற ஆளென்றால் என்ன? அவருக்கும் வீட்டில் ஒருத்தி சோறு வடித்துவைத்துக் காத்திருந்திருப்பாள். அந்தக் கடைசி வரியை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே தருகிறேன்.

"ஆறு கேக்கும் உருகிப்போச்சு மேடம், போனா போவுது, எதிர் போஸ்ட்ல ஒருத்தரு ஏறியிருந்தாரு."

அடுத்தவர் கடையில் ஆறு கேக் பாழாய்ப்போனதை இப்படித் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்கிறவள் புதுச்சேரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.